பரண் மேல் கிடக்கும் ஃபைல்

கர்ப்பிணிகள் ஓபியில் சீட்டு எழுதும்போது நர்ஸ் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதுக்கு முன்னாடி பெரிய வியாதி, ஆபரேஷன் ஏதாவது?" இருபத்தைந்து வயதுப் பெண் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் அம்மா முந்திக்கொள்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அவ்வளவுதான்." அந்தப் பக்கம் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். நர்ஸ் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்.

இந்தப் பெண் என் கற்பனை. அந்தக் 'காய்ச்சல்' கற்பனை இல்லை. ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, இரண்டு மூன்று வருடம் கீமோ எடுத்து, குணமாகி, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் என்னென்ன மருந்து எவ்வளவு ஏறியது என்ற விவரம் ஒரு ஃபைலில் இருந்தது. அது இப்போது பரண் மேல் பழைய பாத்திரங்களுக்கு நடுவே கிடக்கலாம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் யாராவது கிழித்துப் போட்டிருக்கவும் கூடும். அப்படிச் செய்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த ஃபைலில் ஒரு எண் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது.

கர்ப்ப காலத்தில் தாயின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அவ்வளவையும் இறைத்துக் கொடுப்பது இதயத்தின் வேலை. சிறு வயதில் டாக்ஸோரூபிசின் அல்லது டானோரூபிசின் என்ற கீமோ மருந்தை வாங்கிய இதயம், இருபது வருடம் ஒரு குறையும் காட்டாமல் ஓடிவிட்டு, இந்த மேட்டில் ஏறும்போது முதல் தடவையாக மூச்சு வாங்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகக்கூடும் என்று முன்கூட்டியே பார்த்துவைக்கத்தான் கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். வலியில்லாத, அரை மணிநேரப் பரிசோதனை. ஆனால் அதை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமே!

புற்றுநோய் மருந்துகளை மாத்திரைக் கணக்கில் அளப்பதில்லை. உடம்பின் தோல்பரப்புக்கு ஏற்ப அளக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் தோல் முழுவதையும் தரையில் விரித்தால் ஒரு பெரிய குளியல் துண்டு அளவு வரும், சுமார் 1.1 சதுர மீட்டர். ஐந்து வயதுக் குழந்தைக்கு 0.7தான். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு தவணைக்கும் கணக்குப் போட்டு ஏற்றுவார்கள். மாதங்கள் ஓடி, தவணைகள் எல்லாம் முடிந்த பிறகு அவற்றைக் கூட்டினால் வருவதுதான் அந்த எண். டாக்ஸோரூபிசின் வகை மருந்து சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ போயிருந்தால், ஆயுள் முழுக்க இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ. நூறுக்கும் இருநூற்றைம்பதுக்கும் நடுவே என்றால் ஐந்து வருடத்துக்கு ஒன்று. நூறுக்குக் கீழே, மார்பில் கரண்டும் (கதிர்வீச்சு) வைக்கவில்லை என்றால், இதயத்துக்காக அடிக்கடி அலைய வேண்டியதில்லை. 2023இல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல் இது. ஒரே நோய், ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஆனாலும் இரண்டு பிள்ளைகளின் பின்னாளைய தேவை வேறுவேறு. "சின்ன வயசுல கேன்சர் இருந்தது" என்று வாயால் சொன்னாலும் போதாது, எண் வேண்டும்.

பழைய மருந்து இத்தனை காலம் கழித்து எப்படித் தொல்லை தரும்? மருந்து சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடுகிறதே என்று கேட்கலாம். போய்விடுகிறதுதான். அது செய்த வேலை போவதில்லை.

டானோரூபிசின் இத்தாலியில், பழைய கோட்டை ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிரிக்கப்பட்டது. ரத்தினச் சிவப்பு நிறம். சிகிச்சை எடுத்த பிள்ளைகளுக்கு மருந்தின் பெயர் மறந்தாலும் அந்தச் சிவப்பும், அது ஏறிய பிறகு சிறுநீர் சிவந்து போனதும் மறப்பதில்லை. செல் பிரியும்போது டிஎன்ஏ இழைகள் பட்டம் விட்ட நூல் போலச் சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கை எடுக்க டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி இரண்டு இழைகளையும் வெட்டி, வழிவிட்டு, மறுபடி ஒட்டுகிறது. இந்தச் சிவப்பு மருந்து, நொதி வெட்டி முடித்த நொடியில் வந்து அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டியது வெட்டியபடியே நின்றுவிட, செல் சாகிறது. வேகமாகப் பெருகும் புற்றுச் செல்லில் இந்த நொதியின் ஆல்ஃபா வடிவம் மிகுதி, அதனால் அடி அங்கே பலமாக விழுகிறது. இதயத் தசையில் இருப்பது அதன் உடன்பிறப்பான பீட்டா. மருந்துக்கு அண்ணன் தம்பி வித்தியாசம் தெரிவதில்லை.

தோலோ குடலோ என்றால் செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல் வந்துவிடும். இதயத்தில் அது நடப்பதே அபூர்வம். இதை அளந்த விதம் விசித்திரமானது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிப்போன கார்பன்-14, அந்தக் காலத்தில் உருவான செல்களின் டிஎன்ஏவிலும் போய்ச் சேர்ந்திருந்தது. அதை வைத்து இதயச் செல்களின் வயதைக் கணித்தது ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரீசனின் குழு. 2009இல் அவர்கள் சொன்ன கணக்குப்படி இருபத்தைந்து வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு இதயத் தசைச் செல்தான் புதிதாகிறது. வயது ஏற ஏற அதுவும் குறைகிறது. ஆக, ஐந்து வயதில் ஒரு பங்கு செல்களை இழந்த குழந்தை, மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டுதான் பெரிய உடம்புக்கான இதயத்தை வளர்த்தாக வேண்டும். சுவர் மெலிசாகிறது. பத்தொன்பது வயதில் கிரிக்கெட் ஆடும்போது ஒன்றும் தெரியாது. முப்பத்தைந்தில், ரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும்போது தெரியும்.

ரத்த அழுத்தம் என்று சும்மா சேர்க்கவில்லை. இந்த மருந்து வாங்கியவருக்கு பிபியும் இருந்தால், இரண்டு ஆபத்தும் கூடுவது வெறும் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் என்று ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இளம் வயதிலேயே சர்க்கரையும் பிபியும் வரும் நம் ஊரில் இது இரட்டைக் கவலை. ஆனால் நல்ல செய்தியும் இதற்குள்ளேயே இருக்கிறது. வாங்கிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. பிபியைக் கட்டுக்குள் வைக்க முடியும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே.

இப்படி ஒரு பின்விளைவுக் கவலை வந்ததே மருத்துவம் வென்றதால்தான். 1948 ஜூன் மாதம் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களுக்கு மட்டும். அந்த மருந்தைச் செய்துகொடுத்தது லெடர்லே ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவின் குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டே மாதத்தில் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் நம் பிள்ளைகளின் மருந்துச் சீட்டில் இருக்கிறது. 'முதுகு ஊசி' என்று வீட்டில் சொல்கிறார்களே, அதில் போவது பெரும்பாலும் அதுதான்.

அப்போது நீண்டகாலக் கவனிப்பு என்ற பேச்சே எழவில்லை. நீண்ட காலம் என்பதே யாருக்கும் வாய்க்கவில்லையே. நிலைமை மாறியது மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனையில். மருந்தால் ரத்தம் சுத்தமான பிறகும் நோய் மூளையிலிருந்து திரும்பி வருவதை டொனால்ட் பிங்கல் கவனித்தார். ரத்தத்தில் போகும் மருந்து மூளைக்குள் சரியாக நுழைவதில்லை. புற்றுச் செல்கள் அங்கே பதுங்கிக்கொள்கின்றன. அதனால் நோய் அறிகுறி இல்லாதபோதே தலைக்குக் கரண்ட் வைத்தார்கள், 24 கிரே அளவு. முதுகில் மெதோட்ரெக்ஸேட்டும் போட்டார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் நடந்த, அந்த மருத்துவமனையின் ஐந்தாவது ஆய்வில் பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அதுவரை கேள்விப்படாத எண்ணிக்கை.

அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அங்கேதான் அடுத்த செய்தி காத்திருந்தது. கணக்கு வரவில்லை. சொன்னதை எழுதி முடிக்க மற்ற பிள்ளைகளைவிட அதிக நேரம் பிடித்தது. சிலர் வளரவே இல்லை. தலையில் பட்ட கதிர் பிட்யூட்டரியைத் தொட்டு வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்திருந்தது. பிலடெல்ஃபியாவில் ஜூலியோ டாஞ்சியோ 1975லேயே, குணப்படுத்துவது மட்டும் போதாது என்று எழுதினார். அதே ஊரில் ஆனா மெடோஸ், தலைக்குக் கரண்ட் வைத்த பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவு வருடா வருடம் இறங்குவதை 1981இல் எண்களோடு காட்டினார். குறிப்பாக, மிகச் சின்ன வயதில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு.

இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றுகிறது. அந்த அளவீடுகள் அளக்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன தந்தன? அதிகம் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு 24 கிரே 18 ஆனது. பிறகு பலருக்குக் கரண்டே வேண்டாம் என்று ஆனது. செயின்ட் ஜூடிலேயே 2000இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் ஒரு பிள்ளைக்குக்கூட முன்னெச்சரிக்கையாகத் தலைக்குக் கதிர் வைக்கவில்லை. முதுகு ஊசியையும் மருந்தையும் சீராக்கினார்கள். 2009இல் முடிவு வந்தபோது ஐந்தாண்டு உயிர்பிழைப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல். பிழைத்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்திராவிட்டால், நன்றாக வேலை செய்யும் சிகிச்சையில் கைவைக்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

பெரிய கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 முதல் 1986 வரை சிகிச்சை பெற்று ஐந்தாண்டு தாண்டியவர்களில் பத்தாயிரத்துச் சொச்சம் பேரை அவர்களின் கூடப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வு வந்தது. நோய் கண்டுபிடித்து முப்பது வருடம் ஆகும்போது நூற்றில் 73 பேருக்கு ஏதோ ஒரு நாள்பட்ட உடல்நலக் குறை. 42 பேருக்குக் கடுமையானது. கடுமையான குறை வரும் வாய்ப்பு கூடப் பிறந்தவர்களைவிட எட்டு மடங்கு. இந்த எண்ணைப் படித்துவிட்டுப் பயந்து போவது எளிது. 73இல் தைராய்டு மாத்திரை ஒன்றோடு நிம்மதியாக வாழ்பவரும் அடக்கம். தவிர, இது பழைய, முரட்டுச் சிகிச்சைக் காலத்தின் கணக்கு. அதே ஆய்வுத் தொடரில் பத்து வருடம் கழித்து வந்த இன்னொரு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐந்தாண்டு தாண்டியவர்களில் அதற்கடுத்த பத்தாண்டுக்குள் இறந்தவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு, தொண்ணூறுகளில் ஆறு.

மற்ற மருந்துகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிஸ்பிளாட்டின் காதுக்குள் தங்கி, கூர்மையான ஓசைகளைக் கேட்கும் நுண்மயிர்ச் செல்களைக் கொல்கிறது. பேச்சு கேட்கும்; 'ச', 'ஷ', 'ஸ' மட்டும் நழுவும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனை டீச்சர் கவனமில்லாதவன் என்று நினைத்துக்கொள்வார். மருந்து ஏறி ஆறு மணிநேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால், கல்லீரல் புற்றுள்ள குழந்தைகளில் காது கேளாமை 63 விழுக்காட்டிலிருந்து 33க்கு இறங்கியது என்று 2018இல் தெரிந்தது. இதுவும் பின்தொடர்ந்து பார்த்ததன் பலன். சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு போன்றவை அளவு மீறினால் விந்தணுவையும் கருமுட்டை இருப்பையும் குறைக்கும். பருவமடைந்த பையனுக்குச் சிகிச்சை தொடங்கும் முன் விந்தைச் சேமித்து வைக்கலாம் என்று அப்பாவிடம் சொல்ல நம்மூரில் டாக்டரும் கூச்சப்படுகிறார், கேட்க அப்பாவும் கூச்சப்படுகிறார். ஸ்டீராய்டு இடுப்பெலும்பின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கலாம். ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமாவதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை அதற்கும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் சுருக்க முடியாது. பத்து, பதினைந்து வயதில் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்காக மார்பில் கரண்ட் வைத்துக்கொண்ட பெண்கள். அந்த வயதில் மார்பகத் திசு வளரும் நிலையில் இருக்கிறது; கதிர் அதில் விட்டுச்செல்லும் காயம் ஐம்பது வயதுக்குள் சுமார் மூன்றில் ஒருவருக்கு மார்பகப் புற்றாக வரலாம் என்று மேலே சொன்ன ஆய்வுத் தொடரே கணக்கிட்டிருக்கிறது. பரம்பரையாக பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு உள்ளவர்களின் ஆபத்துக்குச் சமம் இது. அதனால் இவர்களுக்கு மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் இருபத்தைந்து வயதிலேயே, அல்லது கதிர் வைத்த எட்டாம் வருடத்தில், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். நம் அரசு முகாம்களில் மார்பகப் பரிசோதனைக்கு அழைப்பது முப்பது வயதிலிருந்து. இருபத்தாறு வயதுப் பெண் கட்டி என்று போனால், "இந்த வயசுல அதெல்லாம் வராதும்மா" என்று தைரியம் சொல்லி அனுப்ப எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சொல்பவர் மேல் தவறில்லை. அவருக்கு ஃபைல் தெரியாது.

இந்தியாவில் இதற்கென்று தனி கிளினிக் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1991இல் தொடங்கியது. சிகிச்சை முடிந்த பிறகு வருவதற்கான கிளினிக் என்றே அதற்குப் பெயர். அங்கே வளர்ந்த இளைஞர்கள் பின்னர் இந்தியப் புற்றுநோய் சங்கத்தின் துணையோடு 'உகம்' என்ற அமைப்பையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். நமக்கு இன்னும் நெருங்கிய கணக்கு ஒன்று உண்டு. எண்பதுகளில் சென்னை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. ரத்தப் புற்றில் பிழைக்கும் பிள்ளைகளின் விகிதம் அதனால் கணிசமாக ஏறியது. அந்தச் சிகிச்சையில் தலைக்குக் கரண்டும் உண்டு. அப்போதைய ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகளின் எண்களை அப்படியே இவர்களுக்குப் பொருத்த முடியாது. மருந்தின் அளவு வேறு, சத்துக்குறை வேறு, மரபும் வேறு. அதனால்தான் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, பிழைத்தவர்களைப் பதிவு செய்து தொடரும் ஆய்வு ஒன்றை நடத்துகின்றன.

ஆனால் வர வேண்டியவர்கள் வர வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பஸ், ஒரு நாள் சம்பளம், கூட ஒருவர். நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்? அதோடு அந்த வாசலைப் பார்த்தாலே அம்மாவுக்குக் கை நடுங்கும். இந்த எல்லாவற்றையும்விடப் பெரிய தடை கல்யாணம். "பொறக்கப் போற புள்ளைக்கும் வருமோ?" என்பதுதான் சம்பந்தி வீட்டின் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அதற்கு அறிவியலின் பதில் தெளிவாக இருக்கிறது. விழித்திரைப் புற்றின் பரம்பரை வகை போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் புற்றுநோயோ பிறவிக் குறையோ கூடுதலாக வருவதாக, ஆயிரக்கணக்கான பிறப்புகளைப் பார்த்த ஆய்வுகளில் தெரியவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் யாராவது தரகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பல ஃபைல்கள் பரணிலிருந்து இறங்கும்.

ஃபைல் என்றதும் கட்டுக் கட்டாகக் காகிதம் என்று நினைக்க வேண்டாம். கவனிப்புக்கு வேண்டியது ஒரே பக்கம். என்ன நோய், எந்த வயதில், டாக்ஸோரூபிசின் வகை, சைக்ளோஃபாஸ்ஃபமைடு வகை, சிஸ்பிளாட்டின் ஆகியவற்றின் மொத்தக் கூட்டு அளவு, கரண்ட் வைத்தால் உடம்பில் எங்கே, எத்தனை கிரே, என்ன ஆபரேஷன், ரத்தம் ஏற்றினார்களா. ஐரோப்பாவில் இதைப் பாஸ்போர்ட் என்றே அழைக்கிறார்கள். சிகிச்சை முடியும் நாளில் இதைக் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை. காலம் கடந்திருந்தாலும் சிகிச்சை எடுத்த இடத்தில் பழைய பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். கையில் கிடைத்ததும் முதல் வேலை, செல்போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வைப்பது. வெள்ளம் பரணையும் விட்டுவைப்பதில்லை.

பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில், அதாவது பதின்மூன்று பதினான்கில், நல்ல கிளினிக்குகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அம்மா அப்பாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு என்ன வந்துச்சு, என்ன மருந்து கொடுத்தோம், சொல்லு பார்ப்போம்" என்று கேட்பார்கள். பெரும்பாலும் முதல் தடவை பதில் வராது. வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அடுத்த தடவை நோயின் பெயர் வரும். அதற்கடுத்த தடவை சிவப்பு மருந்தின் பெயர், திக்கித் திக்கி.

அப்படிப் பழகியிருந்தால் கர்ப்பிணிகள் ஓபியில் அந்தப் பெண் மாமியார் முன்னால் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா வழக்கம்போல "ஒரு காய்ச்சல்" என்றே சொல்லட்டும். பெண் போனை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து, மேசையின் மேல் நர்ஸ் பக்கமாகத் தள்ளி வைக்கலாம். நர்ஸ் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், எக்கோவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்.